கழுவிப் பாவிக்கும் எயார் பில்டரா, கடதாசிப் பில்டரா? வன்னிப் புழுதியில் ஓடும் வாகனங்களுக்கு

துணுக்காய்ப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 150 சிசி காபரேற்றர் (காற்றோடு பெற்றோலைக் கலந்து இஞ்சினுக்கு விடும் பகுதி) மோட்டார் சைக்கிளில் தினமும் மாங்குளம் போய்வருகிறார், வழியில் கொஞ்சம் கிரவல் வீதி. வீட்டில் ஒரு பழைய டீசல் வானும் தகப்பனின் உழவு இயந்திரமும் நிற்கின்றன. "கடதாசி எயார் பில்டர் வருசத்துக்கு ரெண்டு தரம் மாத்த வேண்டிக்கிடக்கு. ஒருக்கால் வாங்கினால் கழுவிக் கழுவிக் காலம் முழுக்கப் போடலாம் எண்டு சொல்லுற துணிப் பில்டரை வாங்கினால் காசும் மிச்சம், பெற்றோலும் மிச்சமோ?" என்பது அவர் கேள்வி. வெளியில் பார்த்தால் இது விலைக் கணக்கு. உள்ளே இருப்பவை வேறு இரண்டு கேள்விகள். காற்றைத் தாராளமாக விடும் பில்டர் தூசையும் அதே அளவுக்கு மறிக்குமா? கழுவி, காயவிட்டு, ஒயில் போடும் வேலையை வீட்டு முற்றத்தில் பிழை விடாமல் செய்ய முடியுமா? முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: மோட்டார் சைக்கிளுக்கும் வானுக்கும் கடதாசியே போதும். உழவு இயந்திரத்தில் ஒயில் கிண்ணம் உள்ள பழைய வகைப் பில்டர் இருந்தால் அதைக் கழற்றி எறியாமல் ஒழுங்காகப் பாருங்கள், கழுவிப் பாவிக்கும் பில்டர் அங்கே ஏற்கனவே இருக்கிறது.

ஏன் என்று விளங்க, இஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிய ஏறக்குறைய 11 கிலோ காற்று வேண்டும், கன அளவில் 9,000 லீற்றருக்குக் கிட்ட. நாளுக்கு இரண்டு லீற்றர் எரித்தால் 18,000 லீற்றர் காற்று அந்தச் சின்னப் பில்டருக்குள்ளால் போகிறது. டீசலில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் டீசல் இஞ்சின் எரிக்கத் தேவையானதைவிட எப்போதும் கூடுதலாகவே காற்றை இழுக்கும். சிறுபோகக் காலத்தில், சோளகம் அடிக்கும் மாதங்களில், கிரவல் வீதியில் ஒரு டிப்பருக்குப் பின்னால் பத்து நிமிடம் ஓடினால் உள்ளே போகும் தூசு, ஏ9 கார்ப்பெற் வீதியில் பல நாள் ஓடினாலும் சேராது. அந்தத் தூசில் பெரும் பங்கு குவார்ட்ஸ் மணல். வைரத்துக்கு 10 கொடுக்கும் மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, சாதாரண வார்ப்பிரும்பு சிலிண்டர் அதைவிட மென்மையானது. பிஸ்டன் றிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் நிற்கும் ஒயில் படலம் சில மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்புத்தான், எனவே அதிகம் அரிப்பவை ஏறத்தாழ 5 முதல் 20 மைக்ரோன் வரையான துகள்கள். மனித மயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன் என்றால் இவை கண்ணுக்குத் தெரியாது என்பது விளங்கும். "பில்டரில் எவ்வளவு ஊத்தை பிடித்திருக்கு, பாருங்கோ, நல்ல பில்டர்" என்று கடையில் காட்டுவார்கள். பிடிபட்டதைத்தான் அது காட்டுகிறது. தப்பிப் போனதைப் பற்றி அந்த ஊத்தை ஒன்றும் சொல்லாது.

எயார் பில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற சர்வதேச முறை உண்டு. அளவு தெரிந்த சோதனைத் தூசை ஊதி, எவ்வளவு மறிபட்டது, எவ்வளவு கடந்து போனது, காற்றோட்டம் எவ்வளவு தடைப்பட்டது என்று அளப்பார்கள். நல்ல கடதாசிப் பில்டர்கள் இதில் 99 வீதத்துக்கு மேலேயே நிற்கும். துணிப் பில்டர்களுக்கு, அதாவது ஒயில் ஊறிய பருத்தி வலைப் பில்டர்களுக்கு, அவற்றைச் செய்பவர்களே சொல்லும் கணக்கு பொதுவாக 96 முதல் 99 வீதம் வரை. கேட்க ஒன்றிரண்டு வீத வித்தியாசம்தானே என்று தோன்றும். கணக்கை மறுபக்கத்தால் பாருங்கள். பில்டரின் முன்னால் 100 கிராம் தூசு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 99.5 வீதம் மறித்தால் உள்ளே போவது அரைக் கிராம். 98 வீதம் மறித்தால் இரண்டு கிராம். இஞ்சினின் கணக்கில் இது நாலு மடங்கு. யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் கார்ப்பெற் வீதியில் மட்டும் ஓடும் காருக்கு முன்னால் வரும் தூசே குறைவு, அங்கே நாலு மடங்கு என்றாலும் பெரிய சேதம் இல்லை. கிரவலில் ஓடும் வாகனத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது.

கடதாசிக்கு இன்னொரு குணம் உண்டு, பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். புதுப் பில்டர் மிக நன்றாக மறிக்கும், பழசானால் குறைந்துவிடும் என்பது பிழை. மேலே படியும் தூசுப் படையே அடுத்து வரும் மெல்லிய தூசை மறிக்கிறது. எனவே தூசு பிடிக்கப் பிடிக்கக் கடதாசியின் வடிகட்டும் திறன் கூடும், காற்றோட்டம் மட்டுமே குறையும். பாதி ஊத்தையான பில்டர் வேலையை உச்சத்தில் செய்துகொண்டிருக்கும் பில்டர். அதைக் கழற்றித் தட்டி ஊதினால் அந்தப் படையைக் குலைத்துவிடுகிறீர்கள்.

மைலேஜ் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே அடைத்த பில்டரோடும் புதுப் பில்டரோடும் கார்களை ஓடவிட்டு அளந்தார்கள். கணினி கட்டுப்படுத்தும் பியூவல் இன்ஜெக்சன் கார்களில் எரிபொருள் செலவு மாறவில்லை, வேகம் பிடிக்கும் இழுவை மட்டும் குறைந்தது. பழைய காபரேற்றர் காரில் மட்டும், மிக மோசமாக அடைத்த பில்டரைப் புதிதாக மாற்றியபோது 2 முதல் 6 வீதம் வரை மிச்சம் தெரிந்தது. காரணம் எளிது: சாதாரண ஓட்டத்தில், அக்சிலேற்றரோடு திறந்து மூடும் திறொட்டில் வால்வு பாதிக்கு மேல் மூடியே இருக்கிறது, காற்றை மறிப்பது அதுதான். அதற்கு முன்னால் இருக்கும் பில்டர் இன்னும் கொஞ்சம் தாராளமாக விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன. ஆகவே அடைத்த கடதாசியை மாற்றினால் உங்கள் காபரேற்றர் வண்டியில் பெற்றோல் கொஞ்சம் மிஞ்சலாம். நல்ல கடதாசியைக் கழற்றிவிட்டுத் துணிப் பில்டர் போட்டால் மிஞ்சாது.

காபரேற்றரில் வேறொரு ஆபத்தும் உண்டு. பில்டர் பெட்டி, அதன் காற்று எடுக்கும் வாய், பில்டரின் தடை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தே கம்பனி மெயின் ஜெற்றின் (காபரேற்றரில் பெற்றோல் வரும் சின்னத் துளை) அளவைத் தீர்மானித்திருக்கிறது. காற்று கூடினால் கலவையில் பெற்றோல் குறையும். அக்சிலேற்றரை விடும்போது சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கும், பிளக்கின் முனை வெள்ளையாகும், இஞ்சின் அதிகம் சூடேறும். பெட்டிக்குள் பொருந்தும் மாற்றுப் பில்டரால் இது சிறிதளவே நடக்கும். பெட்டியையே கழற்றிவிட்டுக் காபரேற்றரின் வாயில் நேரே மாட்டும் கூம்பு வடிவப் பில்டர்களால் முழுதாக நடக்கும். அவை இஞ்சினின் சூட்டுக் காற்றையும், பின் சில்லு கிளப்பும் புழுதியையும், ஐப்பசி கார்த்திகை மழையையும் சேர்த்தே இழுக்கும். பொடியள் சத்தத்துக்காகப் போடுகிறார்கள். வன்னி வீதியில் வேலைக்குப் போகும் வண்டியில் அதைப் போட ஒரு நியாயமும் இல்லை.

இனிக் கழுவும் வேலை. பருத்தி வலைப் பில்டரை ஒழுங்காகக் கழுவுவது இப்படி. முதலில் மென்மையான தூரிகையால் மேல் தூசைத் தட்ட வேண்டும். அதற்கென்று விற்கும் கழுவும் திரவத்தைத் தெளித்து ஏறக்குறைய பத்து நிமிடம் ஊறவிட வேண்டும், ஆனால் காயவிடக் கூடாது. பிறகு அமுக்கம் குறைந்த குழாய்த் தண்ணீரை உள்பக்கமிருந்து வெளிப்பக்கம் ஓடவிட வேண்டும், எதிர்ப்பக்கத்தால் அடித்தால் தூசு வலைக்குள் இன்னும் ஆழமாக ஏறும். நிழலில் முழுதாகக் காயவிட வேண்டும். கொம்பிரசரால் ஊதினால் பருத்தி நூல் விலகி ஓட்டை விழும். காய்ந்தபின் மடிப்புக்கு ஒரு தரம் என்று அதற்குரிய ஒட்டும் ஒயிலைப் போட்டு, இருபது நிமிடம் பொறுத்து, நிறம் வெளிறிய இடம் இருந்தால் அங்கே மட்டும் திரும்பவும் தொட வேண்டும். அந்த ஒயிலுக்குச் சிவப்புச் சாயம் சேர்ப்பது இதற்காகத்தான். இந்த வேலை மாரியில் ஒரு நாளுக்கும் மேல் இழுக்கும், வண்டி அதுவரை நிற்க வேண்டும். ஈரத்தோடு ஒயில் போட்டால் ஒயில் பிடிக்காது. ஒயில் குறைந்தால் அது வெறும் வலை, மெல்லிய தூசு நேரே போகும். கூடினால் ஒயில் உள்ளே இழுபட்டுக் கலவையைக் கெடுக்கும். சிலர் இஞ்சின் ஒயிலையோ தேங்காய் எண்ணெயையோ பூசுகிறார்கள். இரண்டும் ஒட்டிப் பிடிக்காது, சூட்டில் வழிந்து கீழ்ப்பக்கம் இறங்கி மேல் பாதியை வெறுமையாக விட்டுவிடும்.

இங்கே ஒரு விடயத்தில் இருபக்கமும் பேச்சு உண்டு. காற்றின் அளவை அளக்கும் சென்சர் உள்ள புதிய கார்களில், பில்டர் ஒயில் அந்தச் சென்சரின் மெல்லிய கம்பியில் படிந்து அளவைப் பிழையாக்கும் என்று மெக்கானிக்மார் பலர் சொல்கிறார்கள். பில்டர் செய்பவர்கள் மறுக்கிறார்கள். அளவோடு ஒயில் போட்ட பில்டரால் அப்படி நடப்பது அரிது, வழிய வழியப் போட்டதால் நடக்கலாம் என்பதே நியாயமான நிலைப்பாடு. உங்கள் காபரேற்றர் வண்டியில் அந்தச் சென்சர் இல்லை, பழைய டீசல் வான்களிலும் பெரும்பாலும் இல்லை. எனவே இந்தப் பயத்துக்காக முடிவெடுக்க வேண்டாம்.

விலைக் கணக்கை உங்கள் கடை விலையை வைத்துப் போட்டுப் பாருங்கள். துணிப் பில்டர் எட்டுக் கடதாசிப் பில்டரின் விலை என்று வைத்தால், வருடத்துக்கு இரண்டு மாற்றும் உங்களுக்குப் போட்ட காசு திரும்ப நாலு வருடம். கழுவும் திரவமும் ஒயிலும் தனிச் செலவு. செய்பவர்கள் சொல்லும் நீண்ட இடைவெளிகள் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கானவை, கிரவலில் நீங்கள் அடிக்கடி கழுவ வேண்டிவரும். அதற்குள் ஒரு தரம் ஒயில் பிழைத்து ஒரு கோடை ஓடினால், சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து) புதுப் பிஸ்டன் றிங் போடும் செலவில் எத்தனை கடதாசிப் பில்டர் வாங்கலாம் என்பதையும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் பல வருடம் பழைய வாகனங்களை வைத்தே ஓடிய ஊர் இது, இஞ்சினின் பெறுமதி எல்லோருக்கும் தெரியும்.

கடதாசியை வாங்கிப் போட்டால் மட்டும் போதாது. தூசு பெரும்பாலும் கடதாசிக்குள்ளால் போவதில்லை, அதன் ஓரத்தால் போகிறது. பெட்டியின் மூடியை ஒரு ஸ்குரு குறைத்துப் பூட்டியிருப்பார்கள், றப்பர் விளிம்பு மடிந்திருக்கும், பெட்டிக்கும் காபரேற்றருக்கும் இடையிலான றப்பர்க் குழாய் வெயிலில் வெடித்திருக்கும், கிளிப் தளர்ந்திருக்கும். எந்தப் பில்டர் போட்டாலும் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை: பில்டருக்குப் பின்னால், சுத்தக் காற்று வரும் பக்கத்துக் குழாயின் உள்சுவரைத் துடைத்து, மிக மெல்லிசாகக் கிறீஸ் பூசுங்கள். 500 கிலோமீற்றர் ஓடியபின் திறந்து, அந்தக் கிறீஸை விரலால் எடுத்து உரசிப் பாருங்கள். நறநறவென்றால் தூசு தப்புகிறது. கோடு போல ஒரு பக்கத்தில் மட்டும் கறுத்திருந்தால் அந்தப் பக்க விளிம்பில் ஒழுக்கு. உங்கள் வண்டியின் பெட்டி சரியாக மூடுகிறதா என்பதை இங்கிருந்து ஒருவராலும் சொல்ல முடியாது, இந்தச் சோதனை சொல்லும்.

சேர்விசில் கொம்பிரசரால் ஊதித் தரும் வழக்கம் கடதாசியைக் கொல்லும் பெரிய காரணம். கராஜ் கொம்பிரசரில் அமுக்கம் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும், ஊதலாம் என்று அனுமதிக்கும் கனரக இயந்திரக் கம்பனிகளே ஏறக்குறைய 30 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம் என்கின்றன. கட்டாயம் ஊதத்தான் வேண்டும் என்றால் அமுக்கத்தைக் குறைத்து, முனையைக் கடதாசியில் முட்டாமல் தள்ளிப் பிடித்து, சுத்தப் பக்கமிருந்து ஊத்தைப் பக்கம் ஊதுங்கள். பிறகு இருட்டறையில் உள்ளே ரோச் லைற் பிடித்துப் பாருங்கள், ஊசி முனை அளவு வெளிச்சம் பிரகாசமாகத் தெரிந்தாலும் எறிய வேண்டியதுதான். நிலத்தில் அடித்துத் தட்டுவது, தண்ணீரில் கழுவுவது, உலர்ந்த கடதாசியில் ஒயில் தெளிப்பது மூன்றும் வேண்டாம். கம்பனியே ஒயில் பசை ஊட்டி அனுப்பும் கடதாசிகளும் உண்டு, ஹொண்டா ஸ்கூட்டர்கள் பலவற்றில் அதுதான். கை வைத்தால் பிசுபிசுக்கும். அவற்றை ஊதவே கூடாது, நேரத்துக்கு மாற்றுவது மட்டும். மாற்றும் தூரத்துக்கு, கையேட்டில் உள்ளதில் பாதி என்பது கிரவலுக்கு நடைமுறையில் ஒத்துவரும் அளவு. இடையில் கிழமைக்கு ஒருக்கால் திறந்து பார்க்க வேண்டாம், ஒவ்வொரு தரமும் திறக்கும்போது கொஞ்சத் தூசு சுத்தப் பக்கம் விழுகிறது. ஆற்றைக் கடந்தோ வெள்ளத்தில் இறங்கியோ பில்டர் நனைந்துவிட்டால் காயவைத்துப் போடாதீர்கள். மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தபின் வெடிக்கும்.

ஸ்பொஞ்ச் பில்டர் பற்றியும் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் சில மோட்டார் சைக்கிள்களிலும் தண்ணீர்ப் பம்புகளிலும் புல்லு வெட்டும் மெசின்களிலும் அதுதான் வரும். ஒயில் ஊறிய ஸ்பொஞ்ச் புழுதிக்கு நல்ல சாமான். கழுவிக் காயவைத்து ஒயில் இல்லாமல் மாட்டுவதுதான் ஊரில் நடக்கும் பெரிய பிழை, உலர்ந்த ஸ்பொஞ்ச் இலை குப்பையை மறிக்குமே தவிர மெல்லிய தூசை மறிக்காது. சவர்க்காரத் தண்ணீரில் அல்லது மண்ணெண்ணெயில் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். பெற்றோல் வேண்டாம், பசை கரையும், தீ ஆபத்தும் உண்டு. காய்ந்தபின் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, சின்னப் பில்டருக்கு 15 முதல் 25 மில்லிலீற்றர் பில்டர் ஒயில், அது கிடைக்காவிட்டால் தடித்த கியர் ஒயில், ஊற்றிப் பிசையுங்கள். பிறகு மிச்சத்தை அமுக்கி எடுங்கள். முழுதும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. விரலால் அமுக்கினால் துகள் துகளாக உதிரும் பழைய ஸ்பொஞ்சைக் கழுவாதீர்கள், அந்தத் துகள்கள் காபரேற்றருக்குள் போகும்.

உழவு இயந்திரத்தின் ஒயில் கிண்ணத்தில், இழுபடும் காற்று ஒயிலில் மோதித் திரும்புகிறது, பாரமான தூசு ஒயிலில் தங்குகிறது, மிச்சம் மேலுள்ள கம்பி வலையில் பிடிபடுகிறது. மெல்லிய தூசில் இது கடதாசியைவிடக் குறைவுதான், அதுவும் இஞ்சின் மெதுவாக ஓடும்போது இன்னும் குறைவு. ஆனால் அறுவடைக் காலத்து வைக்கோல் தூசிலும் நெல்லுச் சுணையிலும் கடதாசி அரை நாளில் அடைக்கும் இடத்தில் இது ஓடிக்கொண்டே இருக்கும். வயல் வேலை நடக்கும் நாட்களில் தினமும் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, வலையிலிருந்து ஒயில் வடியக் கால் மணித்தியாலமாவது பொறுத்துக் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். அடியில் அரை அங்குலம் சேறு சேர்ந்திருந்தாலோ ஒயில் கூழாகியிருந்தாலோ, டீசலால் கழுவி, இஞ்சினுக்குப் போடும் அதே தரத்துப் புது ஒயிலைக் குறிக்கப்பட்ட கோடு வரை ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டி ஒரு துளியும் வேண்டாம். கூடினால் இஞ்சின் அந்த ஒயிலை இழுத்து எரிக்கத் தொடங்கும், டீசல் இஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும், டீசலை நிறுத்தினாலும் நிற்காது. இஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஒயிலை இதற்குள் விடும் சிக்கனத்தையும் விட்டுவிடுங்கள். மேலே கண்ணாடிக் கிண்ணமோ சுழல் மூடியோ இருந்தால் அதில் சேரும் தூசைத் தினமும் கொட்டுங்கள், பாதித் தூசு அங்கேயே நின்றுவிடும்.

புதிய உழவு இயந்திரங்களில் உலர்ந்த கடதாசிகள் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். வெளியில் உள்ளதையே சுத்தம் செய்வதோ மாற்றுவதோ வழக்கம். உள்ளே உள்ள சின்னது காவலுக்கு நிற்பது, அதைத் தட்டவோ ஊதவோ கூடாது, வெளியிலுள்ளதை மூன்று தரம் மாற்றும்போது இதையும் ஒரு தரம் மாற்றுங்கள். பெட்டியின் அடியில் தொங்கும் றப்பர் வாயை நாளுக்கு ஒருக்கால் விரலால் அமுக்கித் தூசைக் கொட்டுங்கள். அந்த வாய் கிழிந்தோ கழன்றோ போயிருந்தால் அதற்குள்ளால் புழுதி நேரே ஏறி வெளிப் பில்டரைச் சில நாளிலேயே அடைக்கும்.

வானுக்குக் கடதாசி வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்து வாங்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணுங்கள், மலிவுப் போலியில் மடிப்புக் குறைவாக இருக்கும், இடைவெளி சமமில்லாமல் இருக்கும். உயரம் ஒரு மில்லிமீற்றர் குறைந்தாலும் மூடி பூட்டும்போது றப்பர் அமுங்காது. றப்பர் விளிம்பை விரலால் அமுக்கிவிட்டால் உடனே மேலெழ வேண்டும். கடதாசிக்கும் விளிம்புக்கும் நடுவிலுள்ள பசையில் இடைவெளி இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.